மலையில் பூனையைக் குளிப்பாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். கோவையில் குளித்த பூனை மாடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே காய்ந்துவிடும். அதே பூனை ஊட்டியில் ஆடி மாதம் குளித்தால் பொழுது சாய்ந்தும் தோலை ஒட்டிய அடிமுடி ஈரமாகவே இருக்கும். அதனால் தண்ணீர் ஊற்றுவதைவிடத் துவட்டுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறோம். துவட்டிக் காயவைக்க வழியில்லாத நாளில் குளிப்பாட்டவே கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

பூனையக் குளிப்பாட்டியே ஆகணுங்களா?

பெரும்பாலான வீட்டுப் பூனைகளுக்குத் தேவையில்லை. பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. உதிர்ந்த முடி, தூசி, பழைய எண்ணெய்ப் பசை எல்லாவற்றையும் அவை வாரி எடுத்துவிடும். விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைப் பூனை இந்த வேலைக்கே செலவிடுகிறது.

தன்னைத் தானே சுத்தம் செய்ய முடியாத பூனைக்குத்தான் குளியல். உடம்பு பெருத்து முதுகை எட்ட முடியாதது, வயதாகி மூட்டு வலிப்பது, நீள முடி உள்ளது, பேதியில் பின்பக்கம் அசுத்தமானது, கிரீஸோ பெயின்டோ பூசிக்கொண்டு வந்தது, மருத்துவர் மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தது ஆகியவை அந்தக் கணக்கில் வரும். செம்மண்ணில் புரண்டு வந்த பூனையை அப்படியே விடுங்கள். மண் காய்ந்ததும் சீப்பால் வாரினால் உதிர்ந்துவிடும்.

அப்போ எத்தன நாளைக்கு ஒரு தடவ?

குட்டை முடி நாட்டுப் பூனைக்குக் கணக்கே வேண்டாம். அழுக்கானால் மட்டும் போதும். வீட்டோடு இருக்கும் நீள முடிப் பெர்சியன் பூனைக்கு வெயில் காலத்தில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளியல், தினமும் சீப்பு. அடிக்கடி ஷாம்பு போட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய், பொடுகும் அரிப்பும் வரும்.

எங்க ஊட்டிக் குளிருக்கு எந்த மாசம், எந்த நேரம் சரியா வரும்?

மார்ச் முதல் மே வரை நல்ல காலம். காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் மேகம் இறங்குவதற்குள் காயவைத்து முடிக்கலாம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனிக் காலம். பகலில் வெயில் நன்றாக அடித்தாலும் மூன்று மணிக்கு மேல் குளிர் இறங்கிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டியிலும் கூடலூரிலும் சாரலும் காற்றும் விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் அவசரம் இருந்தால் ஒழியத் தள்ளிப்போடுங்கள்.

இன்னொன்று, கரண்ட். மழைக் காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே வழக்கம். குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கீசரும் ஹீட்டரும் ஒன்றாக நிற்கும். அதனால் மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். கையில் நான்கு உலர்ந்த துண்டாவது எப்போதும் இருக்கட்டும்.

குட்டிக்கு எப்போலேர்ந்து தண்ணி ஊத்தலாம்?

எட்டு வாரத்துக்கு முன் தண்ணீரே வேண்டாம். அந்த வயதுக் குட்டியால் உடம்புச் சூட்டைச் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, தாயின் பக்கத்திலோ கம்பளியிலோ விடுங்கள். மலையில் மூன்று மாதமாவது ஆகட்டும் என்றுதான் சொல்வோம். சினைப் பூனை, காய்ச்சலில் இருக்கும் பூனை, கருத்தடை ஆபரேஷன் புண் ஆறாத பூனை ஆகியவற்றுக்கும் துணித் துடைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணி எவ்ளோ சூடா இருக்கணும்?

37 முதல் 38 டிகிரி செல்சியஸ். பூனையின் உடம்புச் சூடு 38 முதல் 39.2 வரை இருக்கும். தண்ணீர் அதைவிட ஒரு பிடி குறைவாக இருந்தால் போதும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முழங்கையின் உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. விரலை நம்பாதீர்கள். குளிரில் விறைத்த விரலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கொதிப்பதுபோல் இருக்கும்.

மலையில் வாளித் தண்ணீர் வேகமாக ஆறும். ஷாம்பு போட்டுத் தேய்த்து முடிப்பதற்குள் அலசும் தண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிடும். எனவே அலசும் வாளியில் முதலில் 41 டிகிரி அளவுக்குச் சூடாக வைத்து மூடிவிடுங்கள். ஊற்றுவதற்கு முன் மறுபடி முழங்கையில் பாருங்கள். வாட்டர் ஹீட்டர் ராடு போட்டுக் காய்ச்சுபவர்கள் பிளக்கைக் கழற்றி, ராடை வேறு அறையில் வைத்த பிறகுதான் பூனையைக் குளியலறைக்குக் கொண்டுவர வேண்டும். விறகு பாய்லர் வைத்திருப்பவர்கள் வெந்நீரைப் பிடித்து விளாவிய பிறகு மட்டுமே பயன்படுத்துங்கள். குழாயில் வருவது கொதிநீராக இருக்கும்.

சீயக்காய், குழந்த சோப்பு, நம்ம தலைக்குப் போடற ஷாம்பு, இதுல எதாவது போடலாமா?

பூனைக்கென்று விற்கும் ஷாம்புதான் சரி. மனிதத் தோல் அமிலத் தன்மை உள்ளது. பூனையின் தோல் நடுநிலைக்கு அருகில் இருக்கும். நம் ஷாம்பு அதை வறளச் செய்யும், வாசனைப் பொருளும் ஒத்துக்கொள்ளாது. சீயக்காய்த்தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், அடிமுடியில் தங்கிய தூளை அலசி எடுக்கவும் முடியாது. பூனை தன் உடம்பில் இருப்பதையெல்லாம் நக்கி விழுங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எதைப் போடக்கூடாது என்பது தானே புரிந்துவிடும்.

அளவு: நான்கு கிலோ குட்டை முடிப் பூனைக்கு 10 மி.லி. ஷாம்புவை 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கலந்துகொள்ளுங்கள். நீள முடிக்கு இரண்டு மடங்கு. பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. கெட்டியாக நேரே ஊற்றினால் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு அலசும் நேரம்தான் கூடும். அந்த நேரம் முழுக்கப் பூனை குளிரில் நிற்கும்.

ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எப்படின்னு சொல்லுங்க.

முதல் நாளே நக நுனிகளை வெட்டிவிடுங்கள். ரத்த ஓட்டம் இருக்கும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் வெள்ளை நுனி மட்டும். குளிக்கும் அன்று சாப்பாடு கொடுத்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முடி முழுவதையும் வாரிச் சிக்கு எடுத்துவிடுங்கள். அறையை முன்கூட்டியே சூடாக்கி, ஜன்னலையும் கதவையும் சாத்தி, கதவிடுக்கில் ஒரு பழைய துணியைச் செருகுங்கள். துண்டுகளை ஹீட்டர் பக்கம் தொங்கவிட்டால் தொடும்போதே சூடாக இருக்கும். பொருள்கள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் வந்த பிறகே பூனையைத் தூக்குங்கள்.

பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் பழைய சணல் சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள். வழுக்கும் தரையில் நிற்கும் பூனைதான் பயந்து பாய்கிறது. சாக்கில் முன்னங்கால் நகங்கள் பதிந்ததும் அது தோளைத் தளர்த்துவது உங்கள் கைக்கே தெரியும். தொட்டியில் தண்ணீர் அதன் வயிற்றைத் தொடும் உயரம் போதும், நான்கு அங்குலம். கழுத்துக்குக் கீழிருந்து வால் வரை சின்னச் சொம்பால் உடம்பை ஒட்டி ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் அந்தச் சத்தத்துக்கே மிரளும். முகத்தைத் துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது.

கலக்கிய ஷாம்புவை முடி படிந்திருக்கும் திசையில் விரலால் தேய்த்து, இரண்டு நிமிடத்தில் அலச ஆரம்பியுங்கள். கைவிரலால் முடியைப் பிரித்து வழித்தால் நுரையும் வழவழப்பும் இருக்கக்கூடாது. வயிறு, அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களில்தான் ஷாம்பு தங்கும். மொத்தமாக பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். 15 லிட்டர் வாளி இரண்டு இருந்தால் குட்டை முடிப் பூனைக்குத் தாராளம். கோடையில் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் குன்னூர்க்காரர்கள் இதை முன்பே பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பாதியில் தண்ணீர் தீர்ந்தால் ஷாம்புவோடு நிற்கும் பூனையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

தண்ணியப் பாத்ததும் பேய் புடிச்ச மாதிரி ஆயிடுதுங்க. எப்படிப் புடிக்கறது?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளங்கையை முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சில் கொடுத்து, முழங்கையால் முதுகை மெல்ல அணைத்தபடி, பூனையின் முகம் தன்னைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும். மற்றவர் ஊற்றித் தேய்க்க வேண்டும். பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள். தாய் தூக்குவது குட்டியைத்தான். வளர்ந்த பூனையின் எடை முழுவதும் அந்தத் தோலில் தொங்கினால் வலிக்கும், பயமும் ஏறும்.

காது பின்னால் படிந்து, கண்மணி விரிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். அதன் பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தால் கடி நிச்சயம். ஷாம்பு போட்டிருந்தால் மட்டும் அலசி எடுத்துவிட்டு, மீதி அழுக்கை ஈரத்துணியிடம் விடுங்கள். வெறும் தொட்டிக்குள் தீனி வைத்துச் சில நாள் பழக்கினால் அடுத்த முறை பாதிப் போராட்டம் குறையும்.

நல்ல வெயில் அடிக்குதே. வெளிய விட்டா காஞ்சிடாதா?

இந்த ஊரில் பூனைகளுக்கு அதிகம் கெடுதல் செய்யும் யோசனை இதுதான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் தோலைச் சுடும், சுற்றியுள்ள காற்றோ குளிர்ந்திருக்கும். ஈர முடியில் காற்று படப்பட நீர் ஆவியாகி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேல்முடி காய்ந்து மினுமினுக்கும்போதும் அடியில் இருக்கும் மெல்லிய பஞ்சு முடி ஈரமாகத்தான் இருக்கும்.

முதல் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் சிக்கு விழும். துண்டைப் பூனையின் மேல் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தி, பத்து எண்ணி எடுக்க வேண்டும். கால்களையும் வாலையும் துண்டுக்குள் வைத்து நழுவவிடாமல் பிழியுங்கள். துண்டு கனத்ததும் மாற்றுங்கள். மூன்றாவது துண்டில் ஈரம் அவ்வளவாக ஏறாது. அதற்குப் பிறகுதான் ஹீட்டருக்கோ டிரையருக்கோ வேலை. மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வெயில் விழும் இடமும் நல்ல இடம். அங்கே காற்று படாது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கும் வழி: ஒரு விரலை முடிக்கு எதிர்த்திசையில் நுழைத்துத் தோலைத் தொடுங்கள். வயிற்றில், அக்குளில், தொடை நடுவில், கழுத்துக்குக் கீழ் தொட வேண்டும். தோல் கதகதப்பாகவும் விரல் உலர்ந்தும் இருந்தால் ஆயிற்று. சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூடான அறையில் குட்டை முடிக்கு ஒரு மணி நேரம், பெர்சியனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று இரவு வரை பூனை வெளியே போகக்கூடாது.

டிரையர் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில ஓடுது.

ஓடுவதை இழுத்துவந்து டிரையர் அடிக்க வேண்டாம். டிரையரைப் பக்கத்து அறையில் ஓடவிட்டு, இங்கே தீனி கொடுத்துச் சில நாள் பழக்கலாம். அடிக்கும்போது குறைந்த சூடு, குறைந்த வேகம், குறைந்தது ஒரு அடி தூரம். உங்கள் கையை இடையில் வைத்து அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது, முகத்துக்கு நேரே காட்டக்கூடாது. பழகவே பழகாத பூனைக்கு நான்காவது துண்டும் சூடான அறையுமே போதும்.

எஸ்டேட் லயன் வீட்ல இருக்கோம், ஹீட்டரெல்லாம் இல்ல. கரி அடுப்பு வெச்சு ரூம சாத்திக்கலாமா?

கூடவே கூடாது. மூடிய அறையில் எரியும் கரி, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். மலையூர்களில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகள் வந்திருக்கின்றன. பூனை சின்ன உடம்பு, அது இன்னும் சீக்கிரம் மயங்கும்.

விறகு அடுப்பு எரியும் சமையலறையில், புகைபோக்கி திறந்திருக்க, அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி மடியில் வைத்துத் துவட்டலாம். பூனையின் முடி சூட்டைத் தாமதமாகத்தான் தோலுக்குக் கடத்தும். முடி கருகும் வரை அது நகராமல் உட்கார்ந்திருக்கும். அதனால் தனியே விடாதீர்கள். கம்பிச்சுருள் சிவக்கக் காயும் ஹீட்டருக்கும் இதே விதிதான். வெந்நீர் ஊற்றிய ரப்பர் பையையோ பாட்டிலையோ துண்டில் சுற்றிப் படுக்கையில் வைப்பது இவற்றையெல்லாம்விடப் பத்திரமானது.

குளிச்சப்புறம் நடுங்குது. எப்போ பயப்படணும்?

துவட்டும்போது லேசாக நடுங்குவது சகஜம். சூடான துண்டில் சுற்றி கால் மணி நேரத்தில் நின்றுவிட வேண்டும். காது நுனியும் பாதமும் சில்லென்று இருந்து, ஈறு வெளுத்து, பூனை துவண்டு கிடந்தால் ஆபத்து. நடுக்கம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். உடம்பு மிகவும் குளிர்ந்துபோனால் நடுங்கும் சக்தியும் போய்விடும். வெப்பநிலை 37.5-க்குக் கீழே இருந்தால், மேலே சொன்ன வெந்நீர் பாட்டிலைத் துணியோடு நெஞ்சு, வயிற்றுப் பக்கம் வைத்து, கம்பளியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மயங்கிய பூனையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

தண்ணியில ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டா சளி புடிக்காதுன்றாங்களே?

நம் மலையின் தைலம்தான், நமக்கு நல்லதுதான். பூனைக்கு அது விஷம். யூகலிப்டஸ் போன்ற வாசனை எண்ணெய்களில் இருக்கும் சில பொருள்களைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான கல்லீரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு. தோல் வழியாக ஏறும், நக்கும்போது வாய் வழியாகவும் போகும். எச்சில் ஒழுகுதல், வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் என்று காட்டும். ஊட்டிக் கடைகளில் கூடவே விற்கும் எலுமிச்சம்புல் தைலம், விண்டர்கிரீன் தைலம் ஆகியவற்றையும் கற்பூரத்தையும் பூனையிடமிருந்து தள்ளியே வையுங்கள். ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் உடனே பூனை ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசி மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

டெட்டால்?

வேண்டாம். அதே கல்லீரல் காரணம்தான். தண்ணீரில் கலந்ததும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியும், தரை துடைக்கும் பினாயிலும் பூனைக்கு ஆகாது. குளியலறைத் தரையை அதனால் கழுவியிருந்தால் வெறும் தண்ணீரில் மறுபடி கழுவிவிட்டு ஆரம்பியுங்கள்.

தெள்ளுப்பூச்சிக்கு வீட்ல நாய் ஷாம்பு இருக்கு. அதையே போட்டா என்ன?

உயிர் போகலாம். நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் அல்லது அமிட்ராஸ் இருக்கும். இவை பூனைக்கு விஷம், முதல் இரண்டும் வலிப்பை வரவழைக்கும். லேபிளில் பூனைப் படமும் பூனைக்கான எடை அளவும் இல்லாத எதையும் தொடாதீர்கள். நாய்க்குக் கழுத்தில் சொட்டு மருந்து விட்டிருந்தால் அது காயும் வரை பூனையை அதன் பக்கம் படுக்கவிடாதீர்கள்.

சாதாரண பூனை ஷாம்புவே பூச்சிகளை நிறைய வெளியேற்றும். கழுத்தைச் சுற்றி முதலில் நுரை வளையம் போட்டுவிட்டால், நனையும் பூச்சிகள் முகத்துக்கு ஏறி ஒளியாது. ஆனால் முட்டையும் கூட்டுப்புழுவும் இருப்பது கம்பளியிலும் மரத்தரை இடுக்கிலும். அடுப்பின் கதகதப்பு இருக்கும் வீட்டில் பனிக்காலத்திலும் அவை பெருகும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, இடுக்குகளைப் பெருக்கி, மருத்துவர் சொல்லும் பூனைச் சொட்டு மருந்தைப் போட வேண்டும். மேல்பூச்சுச் சொட்டு மருந்துக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது, தோலெண்ணெயில்தான் அது பரவுகிறது. தெள்ளுப்பூச்சி இருந்த பூனைக்கு நாடாப்புழு மருந்தும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்குத் தோட்டத்துக்குள்ள போயி அட்ட, உண்ணியோட வருது. குளிப்பாட்டினா விழுந்துடுமா?

இரண்டுமே குளியலில் விழாது. அட்டையின் மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்து தோலோடு பக்கவாட்டில் தள்ளுங்கள். உப்பும் சுண்ணாம்பும் புண்ணை எரிக்கும். உண்ணியை நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுங்கள். மூக்குக்குள் அட்டை போய் ரத்தத்தோடு தும்மினால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

பெர்சியன் முடி சட புடிச்சிருக்கு. குளிச்சா இளகிடுமில்ல?

இன்னும் இறுகும். நனைந்து காயும்போது சடை சுருங்கித் தோலைப் பிடித்து இழுக்கும். அடியில் ஈரம் அடைபட்டுப் புண்ணாகும். முதலில் கொஞ்சம் சோளமாவைத் தூவி, சடையின் வேரை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீப்பால் பிரியுங்கள். பிரியாததை மருத்துவரிடமோ முடி வெட்டுபவரிடமோ மெஷினால் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கத்தரிக்கோல் வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, சடையோடு கூடாரம்போல் எழும்பி வரும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். மலையில் முழுதாக மழித்துவிடுவதும் சரியில்லை. சடை இருந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும்.

குளிப்பாட்டி ஒரு வாரம் கழிச்சுத் தும்மல், கண்ணுல தண்ணி. தண்ணி ஒத்துக்கலையா?

அநேகமாக ஹெர்பிஸ் வைரஸாக இருக்கும். குட்டியில் ஒருமுறை தொற்றிய பூனையின் உடம்பில் அது ஆயுளுக்கும் தங்கியிருக்கும். பயமும் அலைச்சலும் வரும்போது தலைதூக்கும், ஒரு வாரம் கழித்து அறிகுறி தெரியும். அப்படிப்பட்ட பூனைக்குக் குளியலின் பயம்தான் கேடு. சீப்பும் ஈரத்துணியுமே அதற்குப் போதும். சாப்பாட்டை நிறுத்தினாலோ கண் ஒட்டிக்கொண்டாலோ காத்திருக்காதீர்கள்.

ரெண்டு பூன இருக்கு. ஒண்ணக் குளிப்பாட்டினதும் இன்னொண்ணு சீறி அடிக்குது.

பூனைகள் ஒன்றையொன்று வாசனையில்தான் அறிகின்றன. ஷாம்பு அந்த வாசனையை அழித்துவிட்டது. முழுதாகக் காயும் வரை தனி அறையில் வையுங்கள். பிறகு, குளிக்காத பூனையின் கன்னத்தையும் முதுகையும் ஒரு உலர்ந்த துணியால் தடவி, அதே துணியால் குளித்ததைத் தடவுங்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ சமாதானமாகிவிடும்.

வட்ட வட்டமா முடி கொட்டுது. வேப்பெண்ண தேச்சுக் குளிப்பாட்டலாமா?

படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சை. குழந்தைகளுக்கும் உங்களுக்கும் ஒட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெயை நக்கினால் பூனைக்கு எச்சில் ஒழுகும், நடுக்கம் வரும். மருத்துவர் மைகோனசோல், குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு எழுதுவார். அதன் நுரை பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும். மேலே இரண்டு நிமிடம் என்று சொன்னது சாதாரண ஷாம்புவுக்கு. அந்தப் பத்து நிமிடமும் பூனை வெதுவெதுப்பான அறையில், மேலே ஒரு துண்டோடு இருக்கட்டும். வாரம் இருமுறை குளியல் வேண்டியிருப்பதால் மழைக் காலத்தில் இந்த நோயைச் சமாளிப்பது கஷ்டம். குளிப்பாட்ட முடியாத வீட்டில் மாத்திரை வழியைக் கேளுங்கள்.

எலிக்கு வெச்ச பசை அட்டையில மாட்டிக்கிச்சு. இழுத்தா கத்துது.

இழுக்காதீர்கள், முடியோடு தோலும் வரும். அட்டையில் காலியாக இருக்கும் பசைப் பகுதியை மாவு தூவியோ செய்தித்தாள் ஒட்டியோ மூடுங்கள், இன்னொரு கால் ஒட்டாமல் இருக்கும். ஒட்டாத உடம்பைத் துண்டில் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

முடியும் பசையும் சேரும் இடத்தில் சமையல் எண்ணெயை விடுங்கள். சூரியகாந்தி எண்ணெய் இருந்தால் அதுவே வசதி. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் கட்டியாகத்தான் இருக்கும். பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விரலால் பிசைந்தால் பசை இளகி, அட்டை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் மூன்றும் தோலை வேகவைக்கும், நுரையீரலையும் கெடுக்கும். அவற்றை எடுக்கவே எடுக்காதீர்கள்.

விடுவித்த பிறகு மிச்சப் பசையில் மறுபடி எண்ணெய் தேய்த்து, காகிதத்தால் வழித்து, சோளமாவு தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டுச் சீப்பால் வாருங்கள். அதன் பிறகு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவத்தை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலந்து இரண்டு முறை கழுவலாம். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அது தேவைப்படும், பூனை ஷாம்புவால் அவ்வளவு எண்ணெயை எடுக்க முடியாது. அலசுவதும் துவட்டுவதும் முன்பு சொன்னபடிதான். எண்ணெய் ஊறிய முடி காயக் கூடுதல் நேரம் பிடிக்கும். முகத்திலோ மூக்கிலோ பசை ஒட்டியிருந்தால் வீட்டில் முயலாமல் அட்டையைச் சுற்றி வெட்டிவிட்டு அப்படியே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

மருந்தடிச்ச தேயிலத் தோட்டத்துலேர்ந்து நனஞ்சு வந்திருக்கு. மழை பெய்யுது. இப்பவும் குளிப்பாட்டக் கூடாதா?

இப்போது குளிப்பாட்டத்தான் வேண்டும், மழையானாலும் பனியானாலும். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது நக்கி விழுங்கும். கையுறை போட்டு, பூனையைத் துண்டில் சுற்றி நக்கவிடாமல் பிடித்து, ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசுங்கள். பாதங்களின் விரலிடுக்கை மறக்காதீர்கள். அந்தத் துண்டைத் தனியே துவையுங்கள்.

எச்சில் ஒழுகல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குளியலை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் என்ன மருந்து என்று கேட்டு, டப்பாவின் லேபிளைப் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள். பூச்சிமருந்துக்கும் களைக்கொல்லிக்கும் சிகிச்சை வேறு வேறு. வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

குளிப்பாட்டும்போது கடிச்சிடுச்சு. வீட்டுப் பூனதானே, விட்டுடலாமா?

விடக்கூடாது. பூனைப் பல் ஊசிபோல் இறங்கும், மேலே சின்னத் துளைதான் தெரியும், கிருமி ஆழத்தில் தங்கிவிடும். மறுநாளே கை வீங்குவது இதனால்தான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வெறிநோய் பூனை மூலமாகவும் வரும். 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிலையம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காகவே பெயர் பெற்றது. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு ஊசிக்குத் தயங்கக் கூடாது. பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். ஊசி தேவையா, எத்தனை தவணை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அட்டை இல்லையென்றால், பூனையின் மூன்று மாத வயதுக்குப் பிறகு முதல் ஊசியும் அதன்பின் ஆண்டுதோறும் ஒன்றும் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் போட்டுவிடுங்கள். குளியலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.